பிறகு நினைவூட்டு

சுக்காம்பாறையில் புல் முளைத்து யாரும் பார்த்ததில்லை. சுண்ணாம்புக் குவாரியும் அரைவை ஆலையும் வந்த நாளிலிருந்து வேப்பமரம் வெள்ளை, ஓட்டுக்கூரை வெள்ளை, காக்கையின் முதுகு வெள்ளை, பிறந்து மூன்று நாளான பிள்ளையின் புருவம்கூட வெள்ளை என்று ஆகிப்போன ஊர் எங்களுடையது. அந்த ஊரில் பச்சை என்று ஒன்று இருந்ததென்றால் அது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே செண்பகராஜ் நடத்திவந்த ஜோதி கம்ப்யூட்டர் சென்டரில், கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர் பெட்டியோடு சேர்த்துத் திரையில் போட்டுக் கொடுத்திருந்த படத்தில், நீல வானத்துக்குக் கீழே மெத்தென்று படுத்துக் கிடந்த ஒரு குன்றில்தான் இருந்தது. சாதிச் சான்றிதழுக்கும் பரீட்சை முடிவுக்கும் வந்தவர்கள் வேலை முடிந்த பிறகும் போக மனமில்லாமல் அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எல்லோரையும்விட அதிகம் பார்த்தவன் செண்பகராஜ்தான்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, கையில் டீ டம்ளரோடு அவன் எழுந்தான். அவன் மனைவி மாரிக்கனி திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து விண்ணப்பங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மாரி, செத்த நேரம் அங்கன போயிட்டு வாரேன்."

"சீக்கிரம் வாங்க. பிரிண்டர்ல பேப்பர் சிக்கியிருக்கு."

டீக்கடையைத்தான் சொல்கிறான் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டு முழுவதும் பின் அடித்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. குன்றின் அடிவாரத்தில், நமக்கு முதுகு காட்டிக்கொண்டு, வலது செருப்பைத் தூக்கியபடி செண்பகராஜ் நின்றுகொண்டிருந்தான்.

அவன் படத்துக்குள் போனதில் எங்களுக்கு ஒன்றும் அதிர்ச்சியில்லை. அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் யாராக இருந்தாலும் ஒருநாள் போகத்தான் செய்வார்கள் என்று பேசிக்கொண்டோம். கட்டின பெண்டாட்டியையும் எட்டாவது படிக்கிற மகளையும் விட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு போனானே, அதுதான் எங்களை உலுக்கிப்போட்டது. மூன்றாம் நாள் பார்த்தோம், அப்படியே நின்றான். ஐந்தாம் நாளும் அப்படியே. பத்தாம் நாள் காலையில் அந்த வலது செருப்பு புல்லில் ஊன்றியிருந்தது, இடது குதிகால் லேசாகக் கிளம்பியிருந்தது. அப்போதுதான் தெரிந்தது, அவன் நடந்துகொண்டிருக்கிறான். பத்து நாளைக்கு ஓர் அடி. மாதத்துக்கு மூன்று அடி. பெட்டியை அணைத்துப் போட்டாலும், மின்சாரம் போய் வந்தாலும், விட்ட இடத்திலிருந்து அதே கணக்கில், அவளை விட்டு விலகி, குன்றின் மேலே.

எங்கள் ஊர் எதையும் ஆறு மாதத்தில் சகஜமாக்கிக்கொள்ளும் ஊர். கிராம நிர்வாக அலுவலர் வேலாயுதம் ரேஷன் கார்டில் செண்பகராஜின் பெயரை எடுக்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, பெட்டி ஊர் எல்லைக்குள் இருக்கிறது, ஆள் பெட்டிக்குள் இருக்கிறான், ஆகவே ஆள் ஊருக்குள்தான் இருக்கிறான் என்று முடிவு சொன்னார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர் திரையைக் குனிந்து பார்த்து, "முகம் தெரியலையே," என்றார். "முதுகு அவருதுதான்," என்று நான்கு பேர் சாட்சி சொன்னதும் பெயருக்கு நேராக ஒரு டிக் அடித்துக்கொண்டு போனார். குவாரியில் வேலை முடிந்து வரும் பெண்கள் பத்து நிமிடம் குன்றைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். தூசி நுரையீரலில் படிந்து மூச்சு வாங்கும் பேச்சியம்மா மட்டும் ஒரு மணிநேரம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்து, நெஞ்சு லேசாகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள்.

மாரிக்கனிதான் சகஜமாகவில்லை. இரண்டு விரலால் டைப் அடிக்கக் கற்று, பிறகு பத்து விரலால் கற்று, சென்டரைத் தானே நடத்தினாள். மகள் ஜோதியைக் கோயம்புத்தூர் அனுப்பிக் கம்ப்யூட்டரே படிக்க வைத்தாள். ஆனால் திரையில் ஒரு முதுகு இருந்தது. சான்றிதழ் அடிக்கும்போது அதன் மேல் ஜன்னல்கள் திறந்து மூடிக்கொள்ளும், வேலை முடிந்து ஜன்னல்களை மூடினால் மறுபடி அதே முதுகு. இரண்டு வருடம் ஒரு பழைய சேலையைப் பாதித் திரைக்குத் தொங்கவிட்டுப் பார்த்தாள். சேலைக்குப் பின்னால் அவன் நடப்பது இன்னும் மோசமாக இருந்ததால் எடுத்துவிட்டாள். ஒவ்வோர் அடிக்கும் நாட்காட்டியில் ஒரு சுழி போட்டாள். "என்னய விட்டு ஓடுற மனுசன் இவ்வளவு மெதுவாவா ஓடணும்? ஒரேயடியா ஓடித் தொலைஞ்சா என்ன?" என்று ஒருமுறை பேச்சியம்மாவிடம் கேட்டாளாம்.

இப்படி எட்டு வருடம் போன பிறகுதான், ஒரு தை மாதக் காலையில், திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. பெட்டியை ஓட்டும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வெளிவந்துவிட்டது, இப்போது நிறுவலாமா, அல்லது பிறகு நினைவூட்டலாமா என்று கேட்டது.

மாரிக்கனி எதையும் அழுத்தவில்லை. மாவட்டத் தலைநகரத்திலிருந்து மாதம் ஒருமுறை பெட்டிகளைப் பழுதுபார்க்க வரும் மைக்கேலிடம் கேட்டாள்.

"புதுசு போட்டா என்ன ஆகும் தம்பி?"

"வேகமா வேலை செய்யும்க்கா. பார்க்கப் பளிச்சுனு இருக்கும்."

"படம்?"

மைக்கேல் திரையைப் பார்த்தான், முதுகைப் பார்த்தான், கொண்டுவந்த திருப்புளியைப் பையில் போட்டான். "படம் மாறிரும்க்கா," என்றான்.

அன்றிலிருந்து வாசல் தெளித்து, கடை திறந்து, பெட்டியைப் போட்டதும் அவள் செய்கிற முதல் வேலை 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்துவதாயிற்று. அது மறுநாள் கேட்கும். அவள் மறுநாளும் அழுத்துவாள். அரசாங்க இணையதளங்கள் பழைய பதிப்பில் ஒவ்வொன்றாகத் திறக்காமல் போயின. அதற்கென்று புதிதாக ஒரு பெட்டி வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். ஆக ஒரு மேசையில் ஊருக்கு ஒரு பெட்டியும் புருசனுக்கு ஒரு பெட்டியுமாக அவள் காலம் ஓடியது. அப்படியே ஓடியும் இருக்கும். ஆனால் அடுத்த ஆவணியில், படத்தின் இடது மூலையில், புல்லுக்கு நடுவே, ஒரு கறுப்புச் சதுரம் விழுந்தது.

தூசி என்று துடைத்தாள். போகவில்லை. மறுநாள் இரண்டாக இருந்தது. மூன்றாம் நாள் மூன்று. அந்த இடத்தில் புல்லும் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் கறுப்பு.

மைக்கேல் தந்தி போன வேகத்தில் வந்தான். இரண்டு மணிநேரம் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தான்.

"வைரஸ்க்கா. பழைய பதிப்புக்கு இனிமே மருந்து வராது, கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான். இது போற வேகத்துக்கு ஒரு மாசத்துல அண்ணன் கால்கிட்ட வந்துரும்."

"வந்தா?"

"புதுசு போட்டா வைரஸ் போயிரும்."

"படமும் போயிரும்."

"ஆமாக்கா."

மாரிக்கனி மகளுக்குப் போன் போட்டாள்.

சேதி கேட்டு ஊரே ஆடிப்போனது. ஒன்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த ஆள்மேல் ஒரே நாளில் அத்தனை பேருக்கும் பாசம் பொங்கியது. பஞ்சாயத்துத் தலைவர் தனுஷ்கோடி சென்டர் வாசலிலேயே கூட்டம் போட்டார். மைக்கேல் விளக்கினான்: புதிய பதிப்பைப் போடும்போது அது ஒரு கேள்வி கேட்கும், சொந்தப் பொருளை மட்டும் வைத்துக்கொள்ளவா, எதையுமே வைத்துக்கொள்ள வேண்டாமா என்று. நம்முடையதை அது தொடாது, கம்பெனியுடையதை அழித்துவிட்டுப் புதிது வைக்கும்.

"குன்னு கம்பெனிக்காரனோடது," என்றார் தனுஷ்கோடி. "செண்பகராஜ் யாரோடது?"

"நம்மாளுதான்," என்றது கூட்டம்.

"நம்மாளுதான், ஆனா கம்பெனிக்காரன் இடத்துல நிக்கிறான். புறம்போக்குல வீடு கட்டுனவன் கதைதான். இடத்தைக் காலி பண்ணும்போது ஆளையும் சேர்த்துத் தூக்குவானா, ஆளை மட்டும் விடுவானா?"

வேலாயுதம் ரேஷன் கார்டைக் காட்டினார். கம்பெனிக்காரனுக்கு ரேஷன் கார்டைப் பற்றி என்ன தெரியும் என்று யாரோ கேட்க, அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதிய பதிப்பில் என்ன படம் வரும் என்று பேச்சியம்மா கேட்டாள். நீலமாக இருக்கும், கடல் மாதிரி, என்றான் மைக்கேல். அந்த ஒரு சொல்லில் கூட்டம் முழுக்க வாயடைத்துப் போயிற்று, ஏனென்றால் சுக்காம்பாறையில் பிறந்த யாருக்கும் நீச்சல் தெரியாது.

"விட்டுருவோம் மாரி," என்றார் தனுஷ்கோடி கடைசியில். "இருக்குற வரைக்கும் இருக்கட்டும். நம்ம கையால எதுவும் செய்ய வேண்டாம்."

மறுநாள் காலைப் பேருந்தில் ஜோதி வந்து இறங்கினாள். இருபத்திரண்டு வயது, தோளில் பை, அப்பாவைப் போலவே நெட்டை. நேரே சென்டருக்கு வந்து, பையைக் கழற்றாமல், திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் அந்தத் திரையைப் பார்த்ததேயில்லை. அந்தப் பக்கமே முகத்தைத் திருப்ப மாட்டாள். அன்று பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, அவன் வலது கைக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"அம்மா, இது என்ன?"

"அது ஒரு கீறல். எவ்வளவு துடைச்சாலும் போறதில்ல."

"கீறல் இல்லம்மா. அப்பா கையில டம்ளர் இருக்குல்ல. அதுல இருந்து வருது."

மாரிக்கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். வெள்ளையாக ஒரு நூல், டம்ளரின் விளிம்பிலிருந்து மேலே எழுந்து, வளைந்து, காற்றில் கலைகிற மாதிரி நின்றது.

ஜோதி சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டிகளை, மேசை இழுப்பறையில் இருந்த பழைய நாட்காட்டிகளை எல்லாம் எடுத்துச் சுழிகளை எண்ணினாள். முன்னூற்று இருபத்துநான்கு. எழுந்து எதிரே டீக்கடைக்குப் போய் ஒரு டீ வாங்கி, டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, குவாரி மேட்டின் மீது, ஒரு மனிதன் சாவகாசமாகக் குன்றைப் பார்க்கப் போகிற நடையில், ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டு ஏறினாள். நாங்கள் நின்று பார்த்தோம். முன்னூற்று இருபத்துநான்காவது அடியில் நின்றாள், போனைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோர் நடுவிலும் ஓடி வந்து, அந்த டம்ளரை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"அஞ்சரை நிமிசம்மா," என்றாள். மூச்சிரைத்தது. "அப்பா போய் அஞ்சரை நிமிசம்தான் ஆகுது."

எங்களுக்கு அது உறைக்க நேரம் பிடித்தது. மாரிக்கனிக்கு உடனே உறைத்துவிட்டது. கட்டிடம் இடிந்து விழுகிறபோது ஒரு தூண் மட்டும் நிற்குமே, அப்படி நின்றாள். தனியாகப் படுத்த மூவாயிரத்துச் சொச்சம் இரவுகள், பூ வைக்காத தலை, கல்யாண வீடுகளில் பின்வரிசை, மகள் படிப்புக்கு ஒற்றை ஆளாகப் போட்ட கையெழுத்து, 'எங்க ஓடுறான் இவன்' என்று அந்த முதுகைப் பார்த்துக் கேட்ட கேள்வி, எல்லாம் அவள் முகத்தில் வந்து வந்து போயின.

"அப்ப அவுக என்னைய விட்டுட்டுப் போகல," என்றாள் மெதுவாக. "செத்த நேரத்துல வாரேன்னுதான் சொல்லிட்டுப் போனாக. அந்தச் செத்த நேரம் இன்னும் முடியல."

பிறகு கேட்டாள்: "கூப்பிட்டா கேக்குமா?"

கேட்காது, ஆனால் தெரியலாம் என்றாள் ஜோதி. திரையில் திறக்கிற ஜன்னல் அவருக்கு வானத்தில் வருகிற மாதிரி இருக்கலாம். நாம் ஒரு நாள் திறந்து வைத்தால் அவருக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை; இருபது நாள் அசையாமல் வைத்தால் இரண்டு நொடி. இரண்டு நொடியில் படிக்கிற மாதிரி ஒரே ஒரு சொல், வானம் கொள்ளுமளவுக்கு.

என்ன சொல் என்பதில் ஊர் இரண்டு பட்டது. 'ஆபத்து' என்று எழுது என்றார் தனுஷ்கோடி. பெயரை எழுது, பெயரைப் பார்த்தால்தான் திரும்புவான் என்றார் வேலாயுதம். 'ஓடு' என்றான் மைக்கேல். எந்தப் பக்கம் ஓடுவார் என்று அவனை மற்றவர்கள் கேட்டார்கள். மாரிக்கனி யாரையும் கேட்காமல் உட்கார்ந்து இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியெழுத்துமாக அடித்து, அதை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, வானத்தின் மேல் நிறுத்தினாள்.

ஏங்க.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். வேறு பெயர் சொல்லி அவள் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை.

ஏழு நாள் ஒன்றும் நடக்கவில்லை. கறுப்புச் சதுரங்கள் மட்டும் புல்லைத் தின்றுகொண்டே வந்தன. எட்டாம் நாள் பின்கழுத்து நிமிர்ந்தது. பதினோராம் நாள் அவன் வானத்தைப் பார்த்தான். பதினான்காம் நாள் வலது காது எங்கள் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு குவாரியில் யாருக்கும் வேலை ஓடவில்லை. ஷிப்டு முடிகிறவர்கள் வந்தார்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள் வந்தார்கள், ஒன்பது வருடம் முதுகை மட்டுமே பார்த்த கண்களோடு வரிசையில் நின்று, ஒரு நாளைக்கு ஒரு நெல்லளவாகத் திரும்பி வருகிற முகத்தைப் பார்த்தார்கள். கன்னம் வந்தது. மீசையின் ஓரம் வந்தது. இருபத்திரண்டாம் நாள் முழு முகமும் வந்தது.

நாங்கள் திடுக்கிட்டுப்போனோம். அவன் அவ்வளவு இளமையாக இருந்தான். அவனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன தனுஷ்கோடிக்குத் தலை முழுக்க நரைத்து, இரண்டு பல் போயிருந்தது. தனுஷ்கோடி தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியே போனார். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். குற்றமோ பயமோ இல்லாத சிரிப்பு. 'இந்தா வந்துட்டேன், அதுக்குள்ள என்ன அவசரம்' என்று கேட்கிற சிரிப்பு. மாரிக்கனி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"இந்தச் சிரிப்ப நான் மறந்தே போயிருந்தேன் ஜோதி," என்றாள்.

கறுப்பு அவன் செருப்புக்கு நான்கு விரல்கடை தூரத்தில் இருந்தது. இறங்கி வர அவனுக்கு இன்னும் முன்னூற்று இருபத்துநான்கு அடி இருந்தது, அதாவது ஒன்பது வருடம். அவனிடம் இருந்தது நான்கு நாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அந்தக் கட்டம் வழக்கம்போல வந்து கேட்டது. தனுஷ்கோடி கைகூப்பினார். "வேண்டாம் மாரி. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா நீ அழுத்துனதுனாலதான்னு உனக்கே மனசு அறுக்கும்."

"அழுத்தாம இருந்தா அறுக்காதாண்ணே?" என்றாள் மாரிக்கனி. "அன்னைக்குத் திரும்பிப் பாத்திருந்தா ஒரு வார்த்தையில நிப்பாட்டியிருப்பேன். பாக்கல. இனிமே எதையும் பாக்காம இருக்க முடியாது."

சொந்தப் பொருளை மட்டும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுத்தாள். 'நிறுவு' என்பதை அழுத்தினாள். குன்று மறைந்தது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுழன்றது, அதன் கீழே நூற்றுக்கு இரண்டு, நூற்றுக்கு ஏழு என்று எண் ஏறியது. நாற்பத்தொன்றில் அரைமணி நேரம் நின்றது. அந்த அரைமணி நேரம் வாசலில் இருந்த இருநூறு பேரில் ஒருவர்கூட இருமவில்லை, தூசி தின்ற நெஞ்சுக்காரர்கள்கூட இருமவில்லை. நூறு ஆனதும் பெட்டி அணைந்து எழுந்தது. நீலம். கடல் மாதிரி ஒரு நீலம், அதில் அலையுமில்லை கரையுமில்லை ஆளுமில்லை.

யாரோ ஒரு பெண் ஓலமிட்டாள். அதோடு ஊரே அழுதது. மாரிக்கனி அழவில்லை, அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் உடம்பு நாற்காலியிலிருந்து சரிந்தது.

"இருங்க, இருங்க," என்று கத்தியபடி ஜோதி அவளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் எதையோ தேடித் தேடித் திறந்தாள். புதிய பதிப்பு, பழையதை எல்லாம் உடனே அழிக்காது, மனம் மாறினால் திரும்பிப் போகலாம் என்று ஒரு மூலையில் பத்து நாளைக்குக் கட்டி வைத்திருக்கும் என்று அவள் படித்திருந்தாள். 'பழையது' என்று ஒரு கோப்புறை இருந்தது. அதற்குள் ஓர் உறை, அதற்குள் இன்னோர் உறை, அதற்குள் படங்கள். குன்று இருந்தது. குன்றில் கறுப்புச் சதுரங்கள் நின்ற இடத்தில் நின்றுபோயிருந்தன. செண்பகராஜ் அதே சிரிப்போடு எங்களைப் பார்த்து நின்றான்.

"வேற எடத்துக்கு மாத்திரு தாயி, சீக்கிரம்," என்றார் தனுஷ்கோடி.

நகல் எடுத்தால் இரண்டு அப்பா ஆகிவிடுவார் என்றாள் ஜோதி. வெட்டி ஒட்டலாம் என்றான் மைக்கேல். "வெட்டியா!" என்று மாரிக்கனி போட்ட சத்தத்தில் அவன் வாசலுக்கே போய்விட்டான்.

ஜோதி படத்தைத் தனியாகத் திறந்தாள். முன்பு அது திரையின் சுவரில் ஒட்டின படம், கிட்டே கொண்டுவர முடியாது; இப்போது அது தனிப் படம். மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். குன்று எங்களை நோக்கி வந்தது. இன்னும் உருட்டினாள். முன்னூறு அடி தொலைவில் நின்றவன் இருநூறு அடியில் நின்றான், நூறு அடியில் நின்றான், திரை முழுக்க அவனே நிறைந்து, கால்கள் திரையின் விளிம்பைத் தொட நின்றான். இனி ஓர் அடிதான் பாக்கி.

ஓர் அடிக்குப் பத்து நாள். உறை அழிவதற்கும் பத்து நாள்.

அந்தப் பத்து நாளும் மாரிக்கனி அந்த நாற்காலியை விட்டு எழுந்தது குளிக்கவும் கண்மூடவும் மட்டும்தான். மின்சார வாரியத்துக்கு ஊரே போய் இந்தப் பத்து நாள் மட்டும் தடை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் முழங்கால் மடங்கியது. ஆறாம் நாள் செருப்பின் நுனி திரையின் கண்ணாடிக்கு வெளியே ஒரு நகம் அளவு வந்தது. பேச்சியம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரமாக இருக்கிறது, புல்லின் ஈரம் என்றாள். பத்தாம் நாள் மதியம் மூன்று மணிக்குச் செண்பகராஜ் விசைப்பலகையை மிதித்து, மேசையிலிருந்து தரையில் இறங்கினான். ஒரு புல்வாசனை சென்டர் முழுக்கப் பரவியது. எங்களில் பாதிப்பேருக்கு அது என்ன வாசனை என்று தெரியவில்லை.

அவன் எங்களைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தான். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, உள்ளொடுங்கிய கன்னம். மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

"வாங்க மதினி, எப்ப வந்தீங்க?" என்றான். "மாரி எங்க? இப்பக் கூப்பிட்டாளே?"

அவன் கேட்டது மாரிக்கனியின் அக்கா காந்திமதியை நினைத்து. காந்திமதி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

மாரிக்கனி கண்ணாடியைக் கழற்றினாள்.

"மதினி இல்லைங்க. நான்தான்."

அவன் சிரித்தான், விளையாடுகிறார்கள் என்று. அவள் சிரிக்கவில்லை என்று கண்டு அவன் கண் எங்கள் பக்கம் திரும்பியது. தனுஷ்கோடியின் தலையில் நின்றது, வேலாயுதத்தின் கைத்தடியில் நின்றது, ஒவ்வொரு முகமாக வந்தது. எங்களில் ஒருவரும் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் அவன் முதுகைத் திட்டினவர்கள் நாங்கள், எந்த முகத்தோடு பார்ப்பது?

"ஜோதி ஸ்கூல் விட்டு வர்ற நேரமாச்சே," என்றான். கண் வாசலைத் தேடியது.

பக்கத்தில் நின்ற நெட்டைப் பெண் அவன் முழங்கையைத் தொட்டாள். "அப்பா," என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தான். அவள் இடது புருவத்தில், ஐந்து வயதில் நடைபடியில் விழுந்து பட்ட தழும்பை விரலால் தடவினான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"செத்த நேரம்தான போனேன்," என்றான். "அஞ்சு நிமிசம்கூட ஆகலையே மாரி. சத்தியமா அஞ்சு நிமிசம்கூட ஆகலையே."

"ஆமாங்க. தெரியும்," என்றாள் மாரிக்கனி.

நாற்காலியிலிருந்து இறங்கி அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். என்றைக்காவது இவன் திரும்பி வந்தால் கேட்பதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் இப்போது யாருடையதோ போல இருந்தன. அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் சுருக்கமே இல்லை.

"அன்னைக்குச் சாயங்காலம் ஜோதி ஸ்கூல் விட்டு வந்தா," என்று ஆரம்பித்தாள். "வந்ததும் அப்பா எங்கன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"வந்துருவாருன்னு சொன்னேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நாங்கள் போய்விடலாமா என்று ஒருவரையொருவர் பார்த்தோம், யாருக்கும் கால் எழவில்லை. வாசலிலும் ரோட்டிலுமாக இருந்த இடத்திலேயே உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து அவன் நிமிர்ந்து, "அப்புறம்?" என்றான்.

மாரிக்கனி மறுநாள் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.